கூலி ஏறாத கணக்கு: கார் புதுப்பிக்கும் நிகழ்ச்சிகளோடு 15 வருடம்

கதவு திறக்கும் காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பழைய கார் வாங்கப் போகும் தொகுப்பாளர் ஒரு வீட்டு வாசலில் நின்று மணி அடிக்கிறார். காரின் சொந்தக்காரர் வந்து கதவைத் திறக்கிறார், இருவரும் அப்போதுதான் சந்திப்பதுபோல் கை குலுக்கிக்கொள்கிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது ஒன்றும் தோன்றாது. எனக்கு எத்தனையோ பாகங்கள் பார்த்த பிறகுதான் உறைத்தது: கதவு திறப்பதை வீட்டுக்குள்ளிருந்தும் காட்டுகிறார்களே, அந்தக் கேமரா எப்போது உள்ளே போனது?

2009 வாக்கில் இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். டிஸ்கவரியில் சில காலம் தமிழ் டப்பிங்கில், அப்புறம் ஆங்கிலத்திலேயே, இப்போது பெரும்பாலும் யூடியூபில். வீலர் டீலர்ஸ், ஓவர்ஹாலின், பிம்ப் மை ரைடு, ஃபாஸ்ட் அன்ட் லவுட், கார் எஸ்.ஓ.எஸ். என்று எதையும் விட்டதில்லை. நடுவில் 2018-ல் அப்பாவின் பிரீமியர் பத்மினியைப் பட்டறையில் விட்டு, முழுதாகப் பிரித்துச் சரிசெய்ய இறங்கினேன். அது முடிந்த பிறகு இந்த நிகழ்ச்சிகளை நான் பார்க்கும் கண்ணே வேறாகிவிட்டது.

இவற்றில் எது நிஜம், எது ஜோடனை என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கதவுக் காட்சி போன்றவை என்னை உறுத்துவதில்லை. பேரம் பேசுவதை இரண்டு பக்கமிருந்தும் எடுக்க வேண்டும் என்றால் இரண்டு தடவை பேசித்தான் ஆக வேண்டும். கல்யாண வீடியோவில் மாலை மாற்றுவதை இன்னொரு தடவை செய்யச் சொல்வதில்லையா? கல்யாணம் பொய்யாகிவிடாது. என்னை உறுத்துவது இரண்டே விஷயம்: நேரம், கூலி. ஒரு காருக்கு உண்மையில் எத்தனை நாள் ஆயிற்று, அந்த நாட்களுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை மறைக்கும்போது, பார்க்கிறவர் வேலையைப் பற்றியே தப்பான ஒரு கணக்கோடு எழுந்து போகிறார்.

வீலர் டீலர்ஸைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் கற்றுக்கொண்டதும் அதில்தான், அதிகம் யோசித்ததும் அதைப் பற்றித்தான். 2003-ல் பிரிட்டனில் தொடங்கியது. மைக் ப்ரூவர் காரை வாங்குவார், விற்பார். நடுவில் வேலை முழுவதும் எட் சைனா என்ற ஆறரை அடி மனிதருடையது. ஆரஞ்சு நிறக் கையுறை போட்ட அந்தக் கைகளை மறக்கவே முடியாது. ஒரு பேரிங்கை எப்படி வெளியே எடுப்பது, கேஸ்கட் உட்காரும் முகத்தை ஏன் அப்படித் துடைக்க வேண்டும், துரு பிடித்த போல்ட்டை அவசரப்பட்டுத் திருகினால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே செய்வார். ஓர் உதிரி பாகம் என்ன விலை, வெளியே செய்யக் கொடுத்தால் எவ்வளவு, தானே செய்தால் எவ்வளவு மிச்சம் என்றும் சொல்வார். எனக்குத் தெரிந்து தொலைக்காட்சியில் மெக்கானிக் வேலைக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பத்மினிக்கு டிங்கரிங் பார்த்த மேஸ்திரி முன்பணம் வாங்க வீட்டுக்கு வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். டீ குடித்துக்கொண்டே என்னோடு உட்கார்ந்து ஒரு பாகத்தை முழுதாகப் பார்த்தார். பாஷை புரியவில்லை, ஆனால் எட் சைனா செய்தது ஒவ்வொன்றும் அவருக்குப் புரிந்தது. கடைசியில் கணக்கு வந்தது: வாங்கிய விலை, பாகங்களுக்கு ஆன செலவு, விற்ற விலை, லாபம். நான் எண்களை விளக்கிச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“அந்த உசரமான மனுசனுக்குக் கூலி எங்கீங்க தம்பி?”

கூலி அந்தக் கணக்கில் இல்லை. எத்தனையோ பாகங்கள் பார்த்திருக்கிறேன், லாபம் என்று காட்டும் தொகையில் எட் சைனாவின் நேரம் ஏறவே ஏறாது. ஒரு காருக்கு 60 மணி நேர வேலை, மணிக்கு 40 பவுண்டு என்று வைத்துக்கொண்டாலும் 2,400 பவுண்டு. அதைக் கழித்தால் அவர்கள் காட்டும் லாபம் பல கார்களில் காணாமல் போய்விடும். இது ரகசியமும் இல்லை, கூலி சேர்க்கவில்லை என்பது கவனித்துப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசி எண்தான் மனதில் நிற்கிறது. பழைய கார் வாங்கி, சரிசெய்து விற்றால் காசு பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அந்த எண்ணிலிருந்துதான் வந்தது.

2017 மார்ச்சில் எட் சைனா நிகழ்ச்சியை விட்டு விலகினார். காரணத்தை ஒரு யூடியூப் வீடியோவில் அவரே சொன்னார். தயாரிப்புப் பொறுப்பை அமெரிக்காவின் வெலாசிட்டி சேனல் நேரடியாக எடுத்துக்கொண்ட பிறகு, பட்டறைக் காட்சிகளை எடுப்பது மிகவும் சிரமமாக இருக்கிறது, அவற்றைக் குறைக்கலாம் என்று முடிவாயிற்று. வேலையின் தரத்தை விட்டுக்கொடுத்து அதில் நீடிக்க அவருக்கு விருப்பமில்லை. அந்த வீடியோவைப் பார்த்த அன்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன். அவருக்குப் பின் வந்த ஆன்ட் ஆன்ஸ்டெடும், மெக்லாரன் ஃபார்முலா ஒன் அணியில் மெக்கானிக்காக இருந்த மார்க் பிரீஸ்ட்லியும் வேலை தெரிந்தவர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் “சிரமம்” என்ற அந்த ஒரு வார்த்தை இந்த மொத்தத் தொழிலையும் எனக்குத் திறந்து காட்டிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு போல்ட்டைக் கழற்றுவதைக் காட்ட வேண்டும் என்றால் காரின் அடியில் விளக்கு வேண்டும், அந்தச் சந்துக்குள் கேமரா நுழைய வேண்டும், மெக்கானிக் பாதியில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும், கிட்டத்தில் எடுக்க மறுபடி செய்ய வேண்டும். அரை நாள் போனால் திரையில் ஒரு நிமிடம் கிடைக்கும். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி, “வெள்ளிக்கிழமைக்குள் வண்டி முடியாவிட்டால் நாம் காலி” என்று கத்தச் சொன்னால் பத்து நிமிடத்தில் நாலு நிமிடக் காட்சி தயார். சண்டை மலிவு, வேலை விலை அதிகம். பல பட்டறைகளில் முதலாளி கத்திக்கொண்டே இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

எல்லாச் சண்டையும் நடிப்பு என்றும் சொல்லிவிட முடியாது. “அமெரிக்கன் சாப்பர்” காரில்லை, பைக் கட்டும் நிகழ்ச்சிதான், இருந்தாலும் இந்த வகைக்கே முன்னோடி. அதில் டியூட்டல் குடும்பத்து அப்பாவும் மகனும் போட்ட சண்டையும், பறந்த நாற்காலியும் உலகம் முழுக்கப் பிரபலம். அந்தச் சண்டை கடைசியில் கோர்ட் வரை போனது. கேமராவுக்காக மட்டும் ஒரு அப்பா தன் மகன்மேல் வழக்குப் போட மாட்டார். ஆனால் கேமரா இல்லாத வீட்டில் அது அந்த அளவுக்கு முற்றியிருக்குமா என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது.

கெடு விஷயத்திலும் நிஜம் உண்டு. லாஸ் வேகாஸில் நவம்பர் தொடக்கத்தில் நடக்கும் சீமா என்ற வாகனக் கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டு போக வேண்டும் என்றால் அந்தத் தேதி யாருக்காகவும் நகராது. டெட்ராய்ட் ஆட்டோராமா என்ற கார் கண்காட்சியில் ரிட்லர் விருதுக்குப் போட்டியிடும் கார்களும் அப்படித்தான். இந்த மாதிரிக் கெடு வரும் பாகங்களில் பட்டறையில் யாரும் அதிகம் கத்துவதில்லை. எல்லோரும் தூக்கமில்லாத முகத்தோடு தலை குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். எந்த வெள்ளிக்கிழமை, ஏன் வெள்ளிக்கிழமை என்று ஒரு தடவைகூடச் சொல்லாத கெடு வந்தால் நான் ரிமோட்டை எடுத்துவிடுவேன்.

ஓவர்ஹாலின் எனக்கு ரொம்பப் பிடித்திருந்த காலம் உண்டு. 2004-ல் வந்தது. வீட்டார் துணையோடு ஒருவருடைய காரை அவருக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போய், திருடு போய்விட்டதாக அவரை நம்பவைத்து, ஒரு வாரத்தில் புதிதாக்கிக் கொடுப்பார்கள். அதன் வடிவமைப்பாளர் சிப் ஃபூஸ் காகிதத்தில் காரை வரையும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே எந்தப் பாகத்தையும் மறுபடி பார்க்கலாம், அப்படிப்பட்ட கை. ஆனால் கார் போய்விட்டதே என்று ஒருவர் நிஜமாகவே துடிப்பதை வேடிக்கையாகக் காட்டுவது இப்போது எனக்கு ஒப்பவில்லை. என் பத்மினி ஒரு நாள் வாசலில் இல்லாமல் போனால் நான் எப்படி ஆவேன் என்று எனக்குத் தெரியும். பழைய கார்களை ஆடம்பரமாக அலங்கரித்துக் கொடுக்கும் எம்.டி.வி.யின் பிம்ப் மை ரைடு இன்னும் மோசம். 2015-ல் ஹஃபிங்டன் போஸ்ட் அதில் பங்கேற்ற சிலரைத் தேடிப் பேசியது. திரையில் சில நாளில் முடிந்த வேலைக்கு நிஜத்தில் மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது, பொருத்தியவற்றில் சிலவற்றைப் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றியும் விட்டிருக்கிறார்கள்.

இப்போது என் கார். பத்மினியைப் பட்டறையில் விட்ட முதல் நாள் மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய காந்தம், பின் கதவுக்குக் கீழே வந்ததும் பொத்தென்று தரையில் விழுந்தது. உளியை வைத்து அவர் தட்டியபோது விரல் தடிமனுக்குப் பட்டி பெயர்ந்து வந்தது. உள்ளே தகடே இல்லை. யாரோ எப்போதோ ஓட்டையில் சாக்குத் துணியைத் திணித்து மேலே பட்டி பூசியிருந்தார்கள். எங்கள் குடும்பம் அதற்கு மேல்தான் இத்தனை வருடம் உட்கார்ந்து பழனி, ஊட்டி என்று போய் வந்திருக்கிறது.

அந்த ஓரத்தை மட்டும் வெட்டி, புதுத் தகடு வளைத்து, வெல்டு வைத்து முடிக்க 11 நாள். இரண்டு பக்கமும் சேர்த்து 19. டிவியில் இது ஒரு விளம்பர இடைவேளைக்குள் முடிந்துவிடும். உக்கடத்தில் பழைய பாகங்கள் தேடி அலைந்தது, லேத்தில் இன்ஜினுக்கு போரிங் போடக் காத்திருந்தது எல்லாம் தனி. நான்தான் பொறுக்கவில்லை. பொங்கலுக்குள் வண்டி வீட்டுக்கு வர வேண்டும் என்று மேஸ்திரியை நெருக்கினேன். பட்டி நன்றாகக் காய வேண்டும், பிரைமர் அடித்து விட்டுவைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். “ஒரு வாரத்தில் மொத்தக் காரையே முடிக்கிறார்களே அண்ணா” என்று அவரிடம் நான் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. பொங்கலுக்கு வண்டி வந்தது, பளபளவென்று. சித்திரை வெயிலில் வலது பின் கதவின் பெயின்ட் உள்வாங்கி, அடியில் வாட்டர் பேப்பர் பிடித்த கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அந்தக் கதவை மறுபடி சுரண்டி அடிக்க வேண்டியதாயிற்று. மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜோடனையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களிடம் நான் அந்தக் கதவைத்தான் சொல்வேன். நஷ்டம் பட்டறையில் நிற்பவருக்கு. டிவியில் பார்த்த நாளையும் செலவையும் அவர் தலையில் வைத்து அளக்கிறோம், அவர் ஏமாற்றுகிறார் என்றுகூட நினைத்துவிடுகிறோம்.

கார் எஸ்.ஓ.எஸ். இதில் எனக்கு ஒரு புதிராகவே இருந்தது. 2013 முதல் நேஷனல் ஜியாக்ரஃபிக்கில் வருகிறது. நோயாலோ கஷ்டத்தாலோ காரை அப்படியே போட்டுவைத்திருக்கும் ஒருவருக்காக அவர் வீட்டார் ரகசியமாக எழுதிப் போடுவார்கள். தொகுப்பாளர் டிம் ஷா பாகங்கள் தேடப் போகும் இடங்களில் எல்லாம் கோமாளித்தனம் செய்வார், முழுக்க முழுக்க ஜோடனை. ஆனால் அது ஜோடனை என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், யாரையும் அது ஏமாற்றவில்லை. மெக்கானிக் ஃபஸ் டவுன்ஷெண்ட் தகட்டை வெட்டும்போது துரு அப்படியே தெரிகிறது, வேலைக்கு ஒரு கூட்டமே உழைக்கிறது என்பதும் தெரிகிறது. கடைசியில் திரை விலகும்போது காரின் சொந்தக்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார். சிலர் காரைப் பார்க்காமல் மனைவியைப் பார்ப்பார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவைக்க முடியாது. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

யூடியூப் வந்த பிறகு பொய்யும் பெருகியது, நேர்மையும் பெருகியது. துருவேறிய பொம்மைக் காரையோ ஸ்பேனரையோ புதுசாக்கும் வீடியோக்களில் நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன். துருவை எடுத்த பிறகு அடியில் குழி இருக்கிறதா? வருடக்கணக்கில் ஏறிய துரு இரும்பைத் தின்று அம்மைத் தழும்புபோல் குழி போட்டிருக்கும். ஒரே துடைப்பில் வழவழப்பான உலோகம் வந்தால், அந்தத் துரு சமீபத்தில் யாரோ வரவழைத்தது. இன்னொரு பக்கம் இங்கிலாந்தின் பேட் அப்செஷன் மோட்டார்ஸ்போர்ட் என்ற யூடியூப் சேனலின் நண்பர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒரு பழைய மினி காருக்குள் டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோரின் இன்ஜினையும் நாலு சக்கர இழுவையையும் நுழைக்க 2013-ல் தொடங்கினார்கள். ப்ராஜெக்ட் பிங்கி என்று பெயர். வருடக்கணக்கில் போயிற்று, ஒரு பிராக்கெட் செய்வதற்கே பாதி வீடியோ போகும். ஒரு சண்டை இல்லை, ஒரு கெடு இல்லை. ஒவ்வொரு வீடியோவுக்காகவும் மாதக்கணக்கில் காத்திருந்தேன், ஒரு நாளும் சலித்ததில்லை.

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் எட் சைனா காலத்து வீலர் டீலர்ஸில் தொடங்கலாம், கடைசிக் கணக்கில் கூலியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் கார் எஸ்.ஓ.எஸ்., பொறுமை இருந்தால் பிங்கி. வண்டி சரிசெய்யும் எண்ணம் இருந்தால், டிவியை அணைத்துவிட்டு ஒரு நாள் உங்கள் ஊர்ப் பட்டறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பாருங்கள்.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பத்மினிக்கு ஆன பாகங்களின் விலை இடது பக்கம், மேஸ்திரியும் அவர் பையன்களும் வேலை செய்த மணி நேரம் வலது பக்கம். வலது பின் கதவை இரண்டாம் தடவை அடித்ததும் அதில் இருக்கிறது. போன மாதம் இன்னொரு பத்மினிக்காரர் செலவு விசாரிக்க வந்தபோது, மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். வந்தவரிடம் வலது பக்கத்தைத்தான் முதலில் திருப்பிக் காட்டினார்.