தம் கட்டுவதா, தம் விடுவதா? பாடுகிறவர்களுக்குப் பிராணாயாமமும் அகார சாதகமும்

பாட்டு கற்றுக்கொள்கிற யாராவது "தம் போதலை" என்று சொன்னால் உடனே வரும் யோசனை பிராணாயாமம்தான். நானும் அதைத்தான் நம்பினேன். ஒரு கோயில் உற்சவத்தில் மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுக்க, அதாவது அந்த ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் எனக்கு மூச்சு அறுந்துபோனது. வயலின் வாசித்தவர் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். அடுத்த ஆறு மாதம் விடியற்காலையில் நாடிசுத்தி, அதாவது மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் பிராணாயாமம் செய்தேன். மூச்சை அடக்கி வைக்கும் நேரம் நன்றாகக் கூடியது. ஆனால் பாட உட்கார்ந்தால், பழையபடி அதே இடத்தில்தான் அறுந்தது.

பிராணாயாமத்தின் கணக்கையும் பாட்டின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. திருமூலர் சொல்லும் அளவு: பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 எண்ணிக்கை. அதாவது மெல்ல இழுத்து, நெடுநேரம் அடக்கி, இழுத்ததைப் போல் இரண்டு மடங்கு நேரத்தில் விடுவது. பாடும்போது இழுப்பதற்குக் கிடைப்பது அரை விநாடி, சில இடங்களில் அதுவும் இல்லை. அடக்குவது என்ற கட்டமே கிடையாது. உள்ளே வந்த காற்று அப்படியே குரலாகத் திரும்ப வேண்டும். ஆகப் பாடகருக்கு நேரடியாக உதவுவது அந்த 32 மட்டும்தான். அதிலும் பிராணாயாமத்தில் காற்று மூக்கு வழியே சத்தமில்லாமல் போகிறது, பாட்டில் குரல்நாண்களை அதிர வைத்துக்கொண்டு வாய் வழியே போகிறது. இரண்டும் வேறு வேலை. கும்பகத்தை முரட்டுத்தனமாகப் பழகுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் வரும். தொண்டையை அடைத்தே காற்றை நிறுத்தப் பழகிவிடுவார்கள். அப்புறம் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் ஒரு முட்டலோடு ஆரம்பிக்கும்.

எது வேண்டும் என்று முடிவு செய்யும் முன், பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் செய்யும் ஒரு எளிய சோதனையைச் செய்துபாருங்கள். நன்றாக மூச்சு இழுத்து, வெறும் காற்றாக "ஸ்ஸ்ஸ்" என்று முடிந்தவரை விடுங்கள். விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வாயமைப்பில் குரலைச் சேர்த்து, தேனீ ரீங்கரிப்பதுபோல், ஆங்கில 'இசட்' ஒலியை நீட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் குரல்நாண்கள் சரியாக மூடுகின்றன. முதலாவது இரண்டாவதைவிட 1.4 மடங்குக்கு மேல் நீண்டால், நுரையீரலில் காற்று இருக்கிறது, குரலில்தான் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். கசியும் குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றிப் பயன் இல்லை. அது தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, 'ஆ' என்று மட்டும் பாடிப் பழகும் அகார சாதகத்துக்கு வருவோம். என் கட்சி இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. பாட்டு வகுப்பின் முதல் பாடமான முதல் சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம், முதல் காலம் (மெதுவான வேகம்). ஆரோகணம் (ஏறுவது) ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), அவரோகணம் (இறங்குவது) ஒரு ஆவர்த்தனம், மொத்தம் 16 அட்சரம் (தாள எண்ணிக்கை). ஸ்வரப் பெயர் சொல்லாமல் 'ஆ' என்று மட்டும், நடுவில் மூச்சு எடுக்காமல். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் இது 16 விநாடி. சௌகரியமாக வந்ததும் 56, 52 என்று இறக்குங்கள். 48-இல் 20 விநாடி. ஆரோக்கியமான பெரியவர் ஒரு மூச்சில் குரலை நீட்டக்கூடியது சுமார் 15 முதல் 25 விநாடி என்பதால் இது எட்டக்கூடிய இலக்குதான். அவசரம் வேண்டாம், ஒரு படி இறங்க எனக்கு வாரக்கணக்கில் ஆனது.

இதில் கடைசி நான்கு அட்சரத்தைத்தான் கவனிக்க வேண்டும். மூச்சு இழுத்தவுடன் விலாவும் நுரையீரலும் தாமாகவே சுருங்கப் பார்க்கும், காற்று கொட்டும். அதனால்தான் ஆரம்பத்தில் சத்தம் பெரிதாகவும், கீழ் ரிஷபத்துக்கு வரும்போது சுருதி இறங்கியும் போகிறது. விலாவை விரித்தபடியே வைத்து அந்தக் கொட்டலுக்குத் தடை போடுவதுதான் பாடகரின் தம். இந்தத் தடை மூக்கைப் பிடித்து வராது, தம்புராவோடு பாடித்தான் வரும். சுருதி பிசகுவதே மூச்சு தீர்வதற்கான அளவுகோலாக இருப்பதும் இதில் ஒரு வசதி. பிராணாயாமத்தில் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

இந்துஸ்தானிக்காரர்கள் அதிகாலையில் கீழ் ஸ்தாயியில் ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டும் 'கரஜ்' சாதனையும் இதே குடும்பம்தான். கட்டை தாழ்ந்த குரல் உள்ளவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். மேல் ஸ்தாயிக்குப் பலம் வேண்டும் என்பவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. தலையைத் திருப்பி வாயால் சட்டென்று இழுத்து, தண்ணீருக்குள் நிதானமாக விடுவது அப்படியே பாடகரின் மூச்சு. நேரம் பார்த்தால் பிராணாயாமத்தைவிட இது பாட்டுக்கு நெருக்கம். கழுத்தளவு தண்ணீரில் நின்று சாதகம் செய்வார்கள் என்று பழைய வித்வான்களைப் பற்றிச் சொல்வார்களே, அதிலும் காரணம் உண்டு. நெஞ்சைத் தண்ணீர் அழுத்துவதால் ஒவ்வொரு இழுப்புக்கும் தசை கூடுதலாக உழைக்க வேண்டும்.

பிராணாயாமத்தை நான் விட்டுவிடவில்லை. மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது அகார சாதகம் பதற்றத்தைக் குறைக்காது, நீண்ட ரேசகம் குறைக்கும். வாயை மூடித் தேனீபோல் முனகும் பிராமரி பிராணாயாமத்தின் ரீங்காரம் தொண்டையை இறுக்காமல் குரலை எழுப்பிவிடும். கும்பகம் இல்லாமல், நான்கு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுவது போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அடக்கும் பயிற்சியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஒன்று மட்டும் இரண்டு பயிற்சியாலும் வராது: எங்கே மூச்சு எடுப்பது என்ற அறிவு. 'அருள் தருவாய்' என்று ஒரு வரி. 'தரு'வுக்கும் 'வாய்'க்கும் நடுவே இழுத்தால் மரம் தனியாக, வாய் தனியாக நிற்கும். 20 விநாடி தம் இருப்பவரும் இதைச் செய்கிறார். என் உற்சவக் கதையும் அதுதான். அந்தக் கார்வைக்கு முன்னால் சாகித்யத்தில் (பாட்டின் வரிகளில்) ஒரு சொல் முடிந்து, இழுப்பதற்கு நல்ல இடம் இருந்தது. அதை விட்டுவிட்டு ஏறியிருக்கிறேன். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, நோட்டில் சாகித்யத்துக்கு மேலே பென்சிலால் சின்னக் கோடு போட்டு மூச்சு இடங்களை முதலில் குறிக்கச் சொல்கிறேன். பாட்டு அதற்கப்புறம்தான்.