பிஜன்: கோட்லினிலிருந்து டார்ட்டுக்குத் தூது போகும் புறா

மளிகைக் கடை மேசையில் ப்ளூடூத் தராசு ஒன்று இருக்கும், அதில் விழும் எடையை வாங்கி, ஃப்ளட்டரில் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் எழுதும் கருவி) எழுதிய ஆப்பில் பில் போட வேண்டும், இதுதான் வேலை. தராசோடு வந்த எஸ்டிகே, அதாவது தராசோடு பேசுவதற்கான தயார் கோடு, ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழியிலும் ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியிலும்தான் இருந்தது. எங்கள் திரை, விலைக் கணக்கு எல்லாம் ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில். நடுவே யாராவது தூது போக வேண்டுமே.

முதலில் எல்லோரையும் போல, இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள ஃப்ளட்டரே தரும் மெத்தட் சேனலைத்தான் பிடித்தேன். ஒரு மேப்பில் (பெயரும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் தொகுப்பு) எடை, அலகு, நேரம் எல்லாவற்றையும் போட்டு அனுப்பினால் டார்ட்டில் எடுத்துக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. ஆனால் ஆண்ட்ராய்டு பக்கம் கிராமை முழு எண்ணாக அனுப்பிய நானே, இரண்டு வாரம் கழித்து ஸ்விஃப்ட் பக்கம் எழுதும்போது தசம எண்ணாக அனுப்பித் தொலைத்தேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை, திறக்கவும் முடியாது, மேப்புக்குள் இருப்பது என்ன வகை என்று அதற்கு எங்கே தெரியும்? ஐபோனில் முதல் எடை விழுந்ததும் ஆப் பிழை காட்டி நின்றது. அதைச் சரி செய்தால் அடுத்தது மேப்புக்குள் மேப்: வெளி மேப்பை எப்படியோ வகை மாற்றிவிடலாம், உள்ளே இருப்பது ஆப்ஜெக்ட் மேப்பாகவே, அதாவது வகை குறிப்பிடாத மேப்பாகவே, வந்து நின்று 'இது ஸ்ட்ரிங் மேப் இல்லை' என்று அடம்பிடிக்கும். ஃப்ளட்டரில் நேட்டிவ் பக்கம், அதாவது போனின் சொந்த மொழிப் பக்கம், கை வைத்தவர்களில் பலர் இந்தப் பிழையைப் பார்த்திருப்பார்கள்.

அப்புறம்தான் பிஜனுக்கு (ஆங்கிலத்தில் புறா) வந்தேன். ஃப்ளட்டர் குழுவே பராமரிக்கும் இலவசப் பேக்கேஜ். வகுப்புகளையும் (கிளாஸ்) மெத்தட் பெயர்களையும் ஒரே ஒரு டார்ட் ஃபைலில் அறிவிக்க வேண்டும், உள்ளே லாஜிக் எதுவும் கூடாது. டார்ட்டிலிருந்து நேட்டிவை அழைப்பதற்கு ஹோஸ்ட் ஏபிஐ, நேட்டிவிலிருந்து டார்ட்டை அழைப்பதற்கு ஃப்ளட்டர் ஏபிஐ என்று மேலே ஒரு குறிப்பு. ஒரு கமாண்ட் ஓட்டினால் டார்ட், கோட்லின், ஸ்விஃப்ட் மூன்றுக்கும் தூது போகும் கோடு தயார். இப்போது ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றி மறுபடி ஓட்டினால் மூன்று பக்கமும் பில்டே ஆகாமல் சிவப்பாகிறது. கடைக்காரர் கையில் வெடிப்பதைவிட என் மேசையில் வெடிப்பது எவ்வளவோ மேல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். மெத்தட் சேனலில் டார்ட்டின் இன்ட் (முழு எண்) 32 பிட்டுக்குள் அடங்கினால் ஆண்ட்ராய்டில் இன்டீஜராக வரும், மீறினால் லாங்காக வரும். ஐடி சின்ன எண்ணாக இருக்கும்வரை எல்லாம் ஓடும், 2147483647-ஐத் தாண்டிய அன்றைக்குத்தான் காஸ்ட் (வகை மாற்றம்) உடையும். பிஜனில் எப்போதும் லாங்தான், பேச்சே இல்லை.

சரி, குறைகள். த்ரெட் (ஆப்புக்குள் இணையாக ஓடும் வேலை இழை) விஷயத்தில் புறா உதவாது. தராசு எஸ்டிகே தன் பின்னணி த்ரெட்டிலிருந்து எடையைச் சொல்கிறது, அங்கிருந்தே டார்ட்டை அழைத்தால் ஆண்ட்ராய்டில் 'மெயின் த்ரெட்டில்தான் அழைக்க வேண்டும்' என்று ஆப் கிராஷ். அழைப்பை மெயின் த்ரெட்டுக்கு மாற்றிவிடும் (மெயின் லூப்பரின் ஹேண்ட்லருக்குப் போஸ்ட் செய்யும்) வேலை நம் தலையில்தான். இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்கப் புறாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையது.

அடுத்த எரிச்சல்: அனுப்பும் வகுப்புகளை அந்த அறிவிப்பு ஃபைலிலேயே எழுத வேண்டும். ஆப்பில் ஏற்கெனவே இருக்கும் எடை மாடலை அப்படியே கொடுக்க முடியாது, அதனால் ஒரே மாதிரி இரண்டு வகுப்பு, நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு ஃபங்ஷன். எடை போலத் தொடர்ந்து வரும் தரவுக்கு ஈவென்ட் சேனல் ஏபிஐ இருக்கிறது, டார்ட்டில் ஸ்ட்ரீமாகவே கிடைக்கும், ஆனால் நேட்டிவ் பக்கம் கோட்லினும் ஸ்விஃப்டும்தான். பழைய ஜாவா, ஆப்ஜெக்டிவ் சி புராஜெக்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஸ்ட்ரீம் வந்த பிறகும் எடை மாறாதபோது அனுப்பாதே என்று கோட்லின் பக்கமே ஒரு வடிகட்டி போட்டேன், இல்லையென்றால் சும்மா இருக்கும் தராசும் திரையை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கும்.

கேமரா ஃப்ரேம் போன்ற கனமான சரக்கை இதன் காலில் கட்டாதீர்கள். ஒவ்வொரு செய்தியும் பைட்டாகக் கட்டப்பட்டு மறுபக்கம் பிரிக்கப்படுகிறது, அந்த மாதிரி சரக்குக்கு டெக்ஸ்சர் (படத்தை நேரே திரைக்குக் கொடுப்பது), எஃப்எஃப்ஐ (நேட்டிவ் கோடை நேரடியாக அழைப்பது) என்று வேறு வழிகள் உண்டு. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8-இல் போவதால் 'துவரம்பருப்பு' மட்டும் ஒரு எழுத்துகூடச் சிதையாமல் வந்து சேர்ந்தது.

பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் நேட்டிவ் பக்கம் போகிறீர்கள் என்றால் மெத்தட் சேனலே போதும். நாலைந்து மெத்தட், இரண்டு மூன்று வகுப்பு என்று ஆனால் முதல் நாளே பிஜனைப் போட்டுவிடுங்கள், நான் பாதியில் மாற்றியதில் மூன்று நாள் போனது.