வசனத்தைத் தேடுவதா, பாட்டோடு நிற்பதா?

ராக் பாட்டில் பைபிள் எட்டிப் பார்த்தால் எப்படிப் படிப்பது? இரண்டு வழிகள்: அதற்கு மூலமான பைபிள் வசனத்தைத் தேடிப் படிப்பது, இல்லை பாட்டோடு மட்டும் நிற்பது.

உழைப்பு: வசனம் தேட நேரம் பிடிக்கும். பாட்டோடு நிற்பவருக்குக் காது போதும்.

கிடைப்பது: கனடியப் பாடகர் லியோனார்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’ பாட்டை (1984) எடுங்கள். மாடியிலிருந்து குளிக்கும் பெண்ணைப் பார்த்தவன் தாவீது அரசன் (பைபிளில் 2 சாமுவேல் 11). முடி இழந்தவன் பலசாலி சிம்சோன் (நியாயாதிபதிகள் 16). இருவரையும் ஒரே ஆளாக்கி, சமையலறை நாற்காலியில் கட்டிவைக்கிறார் கோஹன். அந்த நாற்காலி பைபிளில் இல்லை! வசனம் தெரிந்தவருக்குத்தான் அது பளிச்சென்று தெரியும். அதன் வலி மட்டும் எல்லோருக்கும் புரியும்.

ஆபத்து: தேடுபவர் பாட்டைப் பிரசங்கமாக்கிவிடலாம். தேடாதவர் வெறும் காதல் தோல்வியாகச் சுருக்கிவிடலாம். எனக்கு இதுதான் பெரிய இழப்பு.

யூ2 ராக் குழுவின் ‘40’ (1983) போல பைபிளின் 40ஆம் சங்கீதத்திலிருந்தே பிறந்த பாட்டு என்றால், வசனத்தைத் திறந்துவிடுங்கள். கோஹன் மாதிரி கதைகளைக் கலந்தவை என்றால், முதலில் கேளுங்கள், அப்புறம் தேடுங்கள்.