தண்ணீரைத் தெளியவைக்கிறேன் என்று 7,400 ரூபாயைக் கறந்துவிட்டார்கள்

சேலத்தில் செடி வைத்த மீன் தொட்டி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 7,400 ரூபாய் போய்விட்டது. கூடவே இறால்கள் அத்தனையும், நியான் டெட்ரா மீன்களில் பாதியும் செத்துவிட்டன. கடையின் பெயரை எழுதவில்லை. மீனும் தொட்டியும் விற்று, வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பராமரிக்கும் வகைக் கடை. கலங்கல் வந்தால் என்ன செய்வது என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

புதிதாக அமைத்த தொட்டி. மீன் விட்ட பிறகு தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. கடைக்குச் சொன்னேன், ஒருவர் வந்தார். வந்தவர் விலை பேசவில்லை. குனிந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அனுபியாஸ் செடியின் தண்டு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, அழுகிவிடும்" என்றார். தானே அதை எடுத்து, நூலால் மரக்கட்டையில் கட்டியும் வைத்தார். மிகச் சரியான வேலை. தொழில் தெரிந்தவர் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன். தெரிந்தவர்தான். என் கோபமெல்லாம் அதனால்தான்.

புதுத் தொட்டியில் வரும் வெண்கலங்கல் பெரும்பாலும் பாக்டீரியா பெருக்கம். தீனியைக் குறைத்துப் பொறுத்திருந்தால் தானாக அடங்கிவிடும். அனுபியாஸ் தண்டைப் பற்றித் தெரிந்தவருக்கு இது தெரியாதா? ஆனால் அவர் சொன்னது: "மூன்றே நாள் அண்ணா, தண்ணீர் இருப்பதே தெரியாது." யு.வி. (புற ஊதா விளக்கு) ஃபில்டர் 4,200, மருந்து 1,400, சர்வீஸ் 1,800. ஆக 7,400 ரூபாய், கையில் ரொக்கமாக.

பிறகு நடந்ததுதான் கொடுமை. பழைய ஃபில்டரின் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவினார். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை மாற்றும் பாக்டீரியா குடியிருப்பதே அவற்றில்தான். தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, மீனுக்கு ஆகாத குளோரினைப் போக்கும் மருந்து ஒரு சொட்டுகூட விடாமல் மாநகராட்சித் தண்ணீரை நேராக நிரப்பினார். அதற்கு மேல், லேபிள் கிழித்த பாட்டிலிலிருந்து இரண்டு மூடி மருந்து. "தெளியாவிட்டால் இன்னும் இரண்டு மூடி ஊற்றுங்கள்."

அடுத்த நாள் மீன்களெல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் திணறின. கலங்கல் முன்பைவிட மோசம்.

தொலைபேசியில் முதலில், "மேட்டூர் தண்ணீர் அப்படித்தான் சார்." அதே தண்ணீர்தான் பக்கத்து வீட்டுத் தொட்டியிலும் இருக்கிறது, அங்கே கூழாங்கல்லை எண்ணலாம். (கவனியுங்கள், பணம் கைமாறியதும் அண்ணன் சாராகிவிட்டேன்.) பிறகு, "மீனே பலவீனமான மீன்." நேரில் போனால், முதலாளி கோடை விழாவுக்கு ஏற்காடு போயிருக்கிறாராம். விழா முடிந்து போனால், "பில் இருக்கிறதா?" அவர்கள் தந்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு, கடைப் பெயரும் இல்லை, வரி எண்ணும் இல்லை.

யு.வி. ஃபில்டரை எலக்ட்ரீஷியனான என் மைத்துனர் பிரித்தார். உள்ளே யு.வி. விளக்கே இல்லை, சாதாரண நீல எல்.இ.டி. பட்டை! 4,200 ரூபாய்க்கு சீரியல் பல்பு. உண்மையான யு.வி. விளக்காக இருந்தாலும் அது முக்கியமாகப் பச்சைத் தண்ணீருக்கு, அதாவது மிதக்கும் பாசிக்கு உதவுவது. என் தொட்டித் தண்ணீரில் பச்சையே இல்லை.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், எழுதும் மனநிலை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்ற விடாதீர்கள், கால் பங்கு போதும், குளோரின் நீக்கி ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். மீன் மேலே வந்தால் உடனே காற்று மோட்டார் போடுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 7,400 ரூபாய் திரும்பி வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அந்த எஸ்டிமேட் சீட்டையும் நீல விளக்கையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.