இரவு நிகழ்ச்சிக்குச் சுங்குடிச் சட்டை: கைக்கட்டா, அச்சா?

டிஜே இரவோ, சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் விடிய விடிய நிற்பதோ, மதுரைச் சூட்டுக்குப் பருத்திதான் சரி. கேள்வி, புள்ளி போட்ட மதுரைப் பருத்தியான சுங்குடியில் எது என்பதே: நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த கைக்கட்டா, புள்ளியை அச்சிட்டதா? 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் என்றாலும் கடையில் 'சுங்குடி' என்று விற்பதெல்லாம் முடிச்சுப் போட்டதல்ல.

துணியை விரலால் தடவுங்கள். கைக்கட்டில் புள்ளி சின்ன மேடாக நிற்கும். ஓரம் லேசாகக் கசிந்திருக்கும், நடுவில் சிலசமயம் சாயப் பொட்டு ஒன்று இருக்கும், ஒன்றுபோல் இன்னொன்று இராது. சாயம் ஏறாமல் மெழுகை அச்சாக வைத்துச் சாயமிடும் மெழுகு அச்சில் புள்ளிகள் ஒரே அளவு, மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழைக் கோடுகள் ஓடும். திரை அச்சை (ஸ்கிரீன் பிரிண்ட்) திருப்பினால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். கையை மடித்துவிடுகிறவர்களுக்கு அது அசிங்கம்.

கைக்கட்டின் வம்பு தையலில். முடிச்சுச் சுருக்கத்தோடு வெட்டினால் முதல் சலவைக்குப் பிறகு சட்டை தொளதொளக்கும். நனைத்து, நிழலில் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். 44 அங்குல அகலத்தில் அரைக்கைக்கு இரண்டேகால் மீட்டர் போதும். அழுத்தி இஸ்திரி போட்டால் மேடு போய்விடும், பிறகு அச்சுக்கும் அதற்கும் தூரத்தில் வித்தியாசமே தெரியாது.

அடர்சிவப்பும் கருநீலமும் வியர்வையில் இறங்கலாம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்பனியன் நிறத்தை முடிவு செய்யுங்கள்.

புற ஊதா விளக்கு போடும் அரங்கா? வெண்மையூட்டி கலந்த சலவைத்தூளில் துவைத்திருந்தால் வெள்ளைப் புள்ளிகள் நீலமாக ஒளிரும். இதில் மட்டும் அச்சு ஜெயிக்கும்: கூர்மையான புள்ளி, பளிச்சென்ற கோலம். குங்குமமும் மஞ்சள்தண்ணீரும் பறக்கும் கூட்டத்துக்கும் விலை குறைந்த அச்சே போதும்.