மிச்சிகன் பொறுத்தது, டெக்சாஸ் ஏ அண்ட் எம் அனுப்பியது

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம்தான்) நாலு தோல்வி வந்தால் போதும், பயிற்சியாளரை மாற்றச் சொல்லி ரசிகர்கள் கிளம்பிவிடுவார்கள்.

2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணி ஆடிய 6 ஆட்டங்களில் வென்றது இரண்டே. பரம வைரியான ஒஹாயோ ஸ்டேட்டிடம் அதன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா அதற்குமுன் தொடர்ந்து 5 முறை தோற்றிருந்தார். ஆனாலும் நிர்வாகம் அவரை அனுப்பவில்லை. அடிப்படைச் சம்பளத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. தற்காப்பு ஆட்டத்தின் பொறுப்பு மைக் மெக்டொனால்டிடம் போனது. மறு ஆண்டே 42-27 என ஒஹாயோ வீழ்ந்தது. 2023 பருவத்தில் 15 ஆட்டங்களிலும் வென்று தேசிய சாம்பியன். எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரத்தால் அந்தப் பெருமையில் கறை படிந்தது தனிக்கதை.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமோ 2023 நவம்பரில் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது, அதுவும் 51-10 என வென்ற மறுநாள். ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பியதற்காக அவருக்குத் தரவேண்டிய இழப்பீடு 7.5 கோடி டாலருக்கும் மேல். அடுத்து வந்த மைக் எல்கோ முதல் பருவத்தில் 8 வெற்றி, 5 தோல்வி.

என்னைக் கேட்டால், ஃபிஷரை நீக்கியது பிழையல்ல. 2021இல் அவசரப்பட்டு ஒப்பந்தத்தை 2031வரை நீட்டியதுதான் பிழை. ஹார்பாவுக்கோ அப்போது ஒப்பந்தத்தில் ஒரே ஆண்டுதான் மிச்சம் இருந்தது. அதனால்தான் மிச்சிகனால் பேரம் பேச முடிந்தது.