45,000 ரூபாய் போச்சு: "மூணே மாசத்துல கல்யாணம் ரத்து" என்பவர்களிடம் சிக்காதீங்க

கோபம் ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன். இணையத்தில் விளம்பரம் போட்டு, போனிலேயே எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு சட்ட ஆலோசனை சேவை எங்களிடம் 45,000 ரூபாய் கறந்துவிட்டது. நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர்.

மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்தும் ஆனதை மறைத்துத் தங்கையைக் கட்டிக்கொடுக்க வைத்தார்கள். விஷயம் தெரிந்த அன்றே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போனில் பேசிய ஆள் பதறவே இல்லை. "விவாகரத்துன்னா கல்யாணமாகி ஒரு வருஷம் கழிச்சுதான் பொதுவா மனுவே போடலாம் சார். உங்களுக்கு எதுக்கு அது? இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12. மோசடி பண்ணிச் சம்மதம் வாங்கின கல்யாணம். செல்லாதுன்னு ஆர்டர் வாங்கிடலாம், மூணே மாசம்." அந்த மூன்று மாதத்தைத் தவிர மற்றதெல்லாம் சரியான சட்டம், அதுதான் கொடுமை. அம்மா வளையலை அடகு வைத்து 45,000 அனுப்பினோம்.

அப்புறம் ஆரம்பித்தது. "ஃபைல் பண்ணியாச்சு." "இன்னும் நம்பர் ஆகல." "கோர்ட் லீவு." "சீனியர் மீட்டிங்ல இருக்கார்." கடைசியில் ஒரு யோசனை வேறு: "தங்கச்சி பத்து நாள் அங்க போய் இருந்துட்டு வரட்டும், கேஸ் ஸ்ட்ராங் ஆகும்."

இதைக் கேட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். மோசடி தெரிந்த பிறகு மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அந்தப் பிரிவில் மனுவே நிற்காதாம். தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டாகவும் வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருப்பது சில வாரங்கள். தேடிப் பார்த்தால் எந்த கோர்ட்டிலும் மனுவே இல்லை! பணத்தைக் கேட்டதற்கு "அது ஆலோசனைக் கட்டணம், திரும்ப வராது" என்று சொல்லி நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 45,000 ரூபாய்க்கு ஆலோசனை!

விவரமாக எழுத நேரமில்லை. எதிர்த்தரப்பு மறுத்தால் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் இதிலும் உண்டு, மாதக் கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள். வக்காலத்தில், அதாவது நமக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில், கையெழுத்து வாங்காமல் "ஃபைல் ஆச்சு" என்றால் பொய். கேஸ் நம்பர் வாங்கி, கோர்ட் வழக்கு விவரம் காட்டும் அரசின் ஈகோர்ட்ஸ் தளத்தில் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்குக் கூப்பிடுங்கள். இணைய மோசடியில் பணம் போனால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

நாங்களும் புகார் கொடுத்தாயிற்று. அந்த ஆள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை.